பூந்தியாக இருந்த அக்கா

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாசம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து நிற்கும். அதற்குள் நான் நாலு வசவு வைது முடித்திருப்பேன்.

பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் ஒரு வரிசை வீட்டில் இருந்தாள். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வரிசையில் நின்று சாமான் பூட்டுகிற லைன் வேலை. கூடப் பிறந்தவள் இல்லை, என்னைவிடப் பல வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவாள். ஜொகூரில் இந்த அடையாளத்தை வைத்துத் தேடினால் ஒரு பஸ் நிறைய ஆள் கிடைப்பார்கள், அதனால் பயமில்லை.

அவளிடம் இருந்த ஒரே கோளாறு, சொன்னால் சொன்னபடி செய்வாள். இது கோளாறா, நல்ல குணமாயிற்றே என்பீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அவளோடு பழகிப் பார்த்திருந்தால் நீங்களும் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒருநாள் பேச்சுவாக்கில், "அக்கா, சனிக்கிழமை நீங்க அரைக்கிற மிளகாய் சம்பால் கொஞ்சம் கொண்டாங்களேன்" என்றேன். "சரி" என்றாள். சனிக்கிழமை காலையிலிருந்தே கொட்டோ கொட்டென்று மழை. மாசாயிலிருந்து நான் இருக்கும் கெலாங் பாத்தாவுக்கு வருகிற வழியில் பல இடங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. நான் சம்பாலை மறந்தே போய்விட்டேன். மத்தியானம் வாசலில் ஹாரன் சத்தம். சொட்டச் சொட்ட நனைந்து, மூன்று பிளாஸ்டிக் பை சுற்றிய டப்பாவோடு நிற்கிறாள்.

"பைத்தியமா அக்கா உங்களுக்கு? நான் சும்மா கேட்டேன்!"

"நான் சும்மா சொல்லலியேடி" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே.

நம்மவர்கள் கல்யாணப் பத்திரிகை வைத்தால் எல்லாரும் "கண்டிப்பா வந்துர்றோம்" என்போம். வராத ஆளும் அதைத்தான் சொல்வார். பத்திரிகை வைப்பவருக்கும் அது தெரியும். அக்கா பத்திரிகையை வாங்கி, தேதியைப் பார்த்து, வேலை இருந்தால் முகத்துக்கு நேராக "அன்னிக்கு நான் வரமாட்டேன்" என்பாள். பத்திரிகை வைக்க வந்தவர்கள் முகம் செத்துப்போகும். சொந்தக்காரர்களிடம் அவளுக்கு இருந்த பெயர் "திமிர் பிடிச்சவ". வருகிறேன் என்று சொல்லிவிட்டால் காய்ச்சலோடு வந்து பந்தி பரிமாறுவாள் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் ஆலை வேலை போக மிச்ச நேரத்தில், நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தது ஒரு சின்ன நிறுவனத்தில். கெலாங் பாத்தாவில் டயர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முதலாளி முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர். எல்லாரும் அவரை பாஸ் என்போம். ஜப்பானில் பொம்மை உருவங்கள் நேரலையில் பாட்டுப் பாடுவதும் கதை அளப்பதும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு ஆள் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவார். பார்க்கிறவர்களுக்கு அந்த ஆள் தெரியமாட்டார். வரைந்த உருவம் ஒன்று அவருக்குப் பதிலாகக் கண் சிமிட்டும், வாய் அசைக்கும், தலையாட்டும். உள்ளே யார் என்று கடைசிவரை தெரியக்கூடாது, அதுதான் இந்தத் தொழிலின் ருசி. "தமிழ்ல யாரும் இன்னும் சரியா செய்யலமா, நாமதான் முதல்" என்று பாஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரைந்த படத்தின் கண், புருவம், உதடு, முடி எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பிரித்து, மனிதர் முகம் அசைந்தால் படமும் அசைகிற மாதிரி இணைப்பது என் வேலை. ஆகவே அக்காவின் முகத்தை என் அளவுக்குப் பார்த்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் சிரிப்பைப் படத்துக்குள் கொண்டுவரவே நான் படாத பாடு பட்டேன்.

உண்மையில் குரல் தேர்வுக்கு வந்தவள் அவள் இல்லை. அவள் சின்னம்மா மகள் வந்தாள், அக்கா துணைக்கு வந்தாள். தங்கச்சிக்காரி வானொலி அறிவிப்பாளர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசியதைக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு ஒரு தினுசு. முதலில் மூக்கில் ஒரு விக்கல். அப்புறம் சத்தமே இருக்காது, இவளுக்கு மூச்சு நின்றுவிட்டதோ என்று நமக்கு பயம் வரும். அப்புறம் வெடிக்கும். கீழே டயர் கடைப் பையன்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். பாஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, "யாருமா அது?" என்றார்.

பாஸ் கொடுத்தது ஒரு படம், ஒரு பெயர். சருகுமான் காது வைத்த, ஆரஞ்சு முடிப் பெண். பெயர் பூந்தி. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அக்கா போட்டது. பார்க்க வருகிறவர்களுக்கு லட்டு என்று பெயர் வைத்தது அவள். "லட்டுங்களா, சாப்டீங்களா? பொய் சொல்லாதீங்க லா!" என்றுதான் ஒவ்வொரு நேரலையும் தொடங்கும். பூந்திக்கு அரிசி குக்கரோடு தீராத சண்டை, பல்லி என்றால் உயிர் போகும், வேலையிடத்தில் லைன் லீடர் ஒரு டைனோசர். இதெல்லாம் மாசாய் வீட்டிலிருந்தும் பாசிர் கூடாங் ஆலையிலிருந்தும் வந்த சரக்கு. லட்டுகள் எழுதுவதை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துப் பதில் சொல்வாள். யாருக்குப் பரீட்சை, யார் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவளுக்கு மனப்பாடம்.

வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு வருவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொல்லித் தொலைத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். ஒரு வியாழக்கிழமை குலாயில் அவள் தம்பிக்கு ரிசப்ஷன். பட்டுப்புடவையும் நகையுமாக மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவள், பாதியில் காணாமல் போய், எங்கள் மாடிக்கு வந்து ஜிமிக்கிக்கு மேலேயே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் பூந்தி வழக்கம்போல் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. கொண்டையில் மல்லிகைப்பூவோடு அவள் அரிசி குக்கரைத் திட்டியது எனக்கு மட்டும்தான் தெரியும். தம்பி பெண்டாட்டி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஒப்பந்தம் பற்றிச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில், தடியாக இருந்தது. மற்ற உருவங்களுக்குக் குரல் கொடுக்க வந்த பெண்கள் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா அதைக் கையோடு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் ஆலை கேன்டீனில் உட்கார்ந்து, கைப்பேசியில் அர்த்தம் தேடித் தேடி முழுதும் படித்தாள். நிறைவேற்ற வேண்டியதைப் படிக்காமல் எப்படி ஒப்புக்கொள்வது என்பது அவள் வாதம். உருவம், பெயர், அந்த உருவம் வழக்கமாகப் பேசும் சொற்கள், குரலின் பாணி எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம், விலகிய பிறகு எங்கேயும் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது.

"பாஸ், சிரிப்புமா உங்களுது?" என்று கேட்டாள்.

"அட, அதெல்லாம் சும்மா வக்கீல் எழுதறதுமா. நமக்குள்ள பேப்பரா முக்கியம்? நம்பிக்கைதான்."

அந்த நம்பிக்கைக்காக அவர் செய்த காரியம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். முதல் நேரலைக்கு முன்னால் எல்லாரையும் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். பூசை முடிந்ததும் தட்டில் சூடம் ஏற்றி, குரல் கொடுக்கிற பெண்கள் ஒவ்வொருவரையும் அந்தச் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். நான்தான் இந்த உருவம் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். இந்த உருவத்தின் பேச்சையும் சிரிப்பையும் நிறுவனத்தை விட்டு வெளியே கொண்டுபோகமாட்டேன். மற்ற பெண்கள் சினிமாவில் நடிப்பதுபோல் களுக்கென்று சிரித்துக்கொண்டே சூடத்தைத் தட்டினார்கள். அக்கா கண்ணை மூடி, வார்த்தை வார்த்தையாகச் சொல்லி, உள்ளங்கையால் நெருப்பை அணைத்தாள். நான் தேங்காய் மூடியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பூந்தி வளர்ந்தாள். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் லட்டுகள் வந்தார்கள். அப்புறம் பாஸ் ஒரு பவுடர் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே மாதத்தில் இடுப்பு சிறுத்துவிடுமாம். அடுத்த வியாழக்கிழமை பூந்தி அதைக் குடிக்கிறேன் என்று சொல்லவேண்டும்.

"நான் குடிக்கலியே பாஸ்."

"பூந்திதான் குடிக்கிறா. நீயா குடிக்கிற?"

"நான் சாப்பிடாதத உங்கள சாப்பிடச் சொல்லமாட்டேன்னு லட்டுங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

பாஸுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "இங்க பாருமா. பூந்தி உன் சொத்து இல்ல. நீ இல்லாட்டியும் பூந்தி இருப்பா. ஞாபகம் வெச்சுக்க."

அக்கா டின்னை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். "நெசந்தான் பாஸ். படம் உங்க காசு. ஆனா அந்த வாக்கு என்னுது" என்றாள். ஒப்பந்தத்தில் இருந்தபடி முன்னறிவிப்பு கொடுத்து, அந்த நாட்கள் முடியும்வரை ஒரு வியாழன் தவறாமல் பேசி, போய்விட்டாள். லட்டுகளிடம் ஒரு வார்த்தை விடைபெற பாஸ் அனுமதிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பூந்தி வந்தாள். "லட்டுங்களா, சாப்டீங்களா? பொய் சொல்லாதீங்க லா!" உள்ளே வேறு ஒரு பெண். பத்தாவது நிமிடம் பவுடர் டின் திரையில் வந்தது. நான் மறுநாளே வேலையை விட்டேன். அங்கே இருந்திருந்தால் டின்னை எடுத்து யார் தலையிலாவது போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நிஜமாகத்தான் சொல்கிறேன். வீட்டில், என்னோடு, டீவி பார்க்கும்போதுகூட. மூக்கில் அந்த விக்கல் வந்தால் சட்டென்று எழுந்து குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். "சாப்டியா, பொய் சொல்லாத" என்று பிறந்ததிலிருந்து எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது வெறுமனே "சாப்பாடு ஆச்சா" என்று கேட்டாள்.

"வீட்டுக்குள்ள யாருக்கா பாக்கப் போறா?"

"வெளிய கொண்டு போகமாட்டேன்னு சொன்னேன். வீடும் வெளியதானேடி."

ஒருநாள் கேன்டீனில் அவளோடு லைனில் நிற்கிற ஒரு பெண் பையிலிருந்து அந்தப் பவுடர் டின்னை எடுத்தாளாம். "பூந்தி குடிக்கிறா, நம்பலாம் லா" என்றாளாம். அவளுக்கு அக்காதான் பூந்தியாக இருந்தாள் என்பது தெரியாது. அக்கா "வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொன்னால், தான்தான் பூந்தியாக இருந்தேன் என்று சொல்லவேண்டி வரும். கடைசியில் தான் குடிக்கிற மைலோ டின்னைக் கொடுத்துவிட்டு அந்த டின்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "எத்தன பேருகிட்ட மைலோ மாத்துவேன் சொல்லு" என்று என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஜொகூர் பாருவில் ஒரு தமிழ் வக்கீலம்மாவைப் பிடித்து, அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"உருவமும் பேரும் அவங்களுது, அதுல கைவைக்க முடியாது. ஆனா நீங்க வேற உருவத்துல இதே தொழில செய்யக் கூடாதுன்னு தடுக்கிற பகுதி நம்ம நாட்டுச் சட்டத்துல நிக்காதுமா. உங்க சிரிப்பும் நீங்க பேசற விதமும் உங்க உடம்போட வந்தது. அவரு கேஸ் போட்டா நான் பாத்துக்கறேன். தைரியமா ஆரம்பிங்க."

நான் நாற்காலியில் துள்ளாத குறை. அக்கா அசையவில்லை.

"பேப்பர் சரிங்க. சூடத்துக்கு என்ன செய்யறது?"

"எந்தச் சூடம்?"

அக்கா விவரம் சொன்னாள். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவரும் நம் சாதிசனம்தானே, சிரிக்கவும் இல்லை, அதெல்லாம் செல்லாது என்று சொல்லவும் இல்லை. "அதுக்கு என்கிட்ட செக்‌ஷன் இல்லமா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் லிஃப்ட் வருவதற்குள் அக்காவை ஒரு பிடி பிடித்தேன். கோர்ட்டுக்கே பயப்படாதவள் ஒரு வெள்ளைக் கட்டிக்குப் பயப்படுகிறாளே என்றேன். "பயமில்லடி. சொன்னேன், அவ்ளோதான்" என்றாள்.

சரி, அந்த வழியிலேயே போவோம் என்று நான்தான் கோயில் ஐயரைப் போய்ப் பார்த்தேன். அவர் ரொம்ப சுலபமாகச் சொன்னார். "வாங்கினவரே சந்நிதியில வந்து நின்னு விட்டுட்டேன்னு சொல்லணும். ஒரு நிமிஷ வேலைமா." ஒரு நிமிஷ வேலைதான். அதற்கு பாஸ் வரவேண்டும்.

அக்கா நேராக அவரிடமே போனாள். நானும் கூடவே. அவர் மாறவே இல்லை. அதே மாடி, அதே டயர் வாசனை.

"பாஸ், என் சத்தியத்த திருப்பிக் குடுங்க."

அவர் முழித்தார். "என்ன சத்தியம்?"

அவருக்கு ஞாபகமே இல்லை! இவள் மாதக்கணக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள், வாங்கிய மனுஷனுக்கு நினைவே இல்லை. நான் எடுத்துச் சொன்னதும் அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"வர்றேன்மா, தாராளமா வர்றேன். எனக்கும் ஒரு உதவி செய்யி. புதுப் பொண்ணுக்கு அந்தச் சிரிப்பு வரமாட்டேங்குது. லட்டுங்க திட்டறாங்க. நீ வந்து சொல்லிக் குடு."

"பாஸ், மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" என்று நான் எழுந்துவிட்டேன்.

அக்கா கேட்டாள், "பவுடர்?"

"அந்தக் கம்பெனிக்காரன் பணம் குடுக்காம ஓடிட்டான்மா. அது போச்சு."

"அப்ப சரி" என்றாள் அக்கா.

அந்தச் சரி வாயை விட்டு வந்துவிட்டது. இனிமேல் யார் வந்தாலும் அதை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். தன் சிரிப்பைத் திரும்ப வாங்க, அதையே இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுக்கிற கூத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

புதுப் பெண் காஹாங்கிலிருந்து வந்தவள். ஒல்லியாக, பயந்து பயந்து பேசுகிற பிள்ளை. என் வீட்டு ஹாலில்தான் பாடம் நடந்தது. "மூச்ச விட்றாத. உள்ளயே வெச்சுக்க. இப்ப நீ கோயில்ல நிக்கற, சிரிச்சா அடி விழும்னு நெனச்சுக்க. ஆங், இப்ப விடு!" அந்தப் பிள்ளைக்கு இருமல்தான் வந்தது. எங்கிருந்தோ பிடுங்கி வந்த சிரிப்பு எப்படி இன்னொரு தொண்டையில் ஒட்டும்? ஆனால் அக்கா விடவில்லை. வேலை முடிந்து வந்து, களைத்த முகத்தோடு, சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டுவாள், தனக்கு இன்னும் விடுதலை வரவில்லையே, அதனால். ஒரு வழியாக அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. வந்த அன்று அவள் ஓவென்று அழுதாள்.

"என்ன போலி பூந்தின்னு எழுதறாங்கக்கா. தெனமும் படிக்கிறேன். நீங்க வெளிய போயி நான்தான் நெச பூந்தின்னு சொன்னா, பாஸ் என்னைய வேலைய விட்டு அனுப்பிடுவாரு. எங்க வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்."

நான் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். வேண்டாம், வேண்டாம், வாயைத் திறக்காதே என்று மனதுக்குள் கத்தினேன்.

"சொல்லமாட்டேன்மா" என்றது அக்காவின் குரல்.

அந்தப் பிள்ளை போனதும் அக்காவோடு சண்டை போட்டேன். விடுதலை வாங்குவதே அதைச் சொல்லத்தானே என்றேன். அக்கா நிதானமாக, "எனக்கு அது வேணாம்டி. என் வாயில பேசி, என் இஷ்டத்துக்கு சிரிச்சா போதும். பேரு யாருக்கு இருந்தா என்ன" என்றாள். அக்காவின் பெயரை நான் எழுதாததற்கும், உருவத்தின் பெயரை மாற்றி எழுதியதற்கும் காரணம் இப்போது புரிந்திருக்கும். அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

பாஸ் அடுத்த வெள்ளி, அடுத்த வெள்ளி என்று இழுத்தடித்து, ஒரு வெள்ளிக்கிழமை வந்தே விட்டார். வாசலில் கார் இஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டுவிட்டு, கையில் கைப்பேசியோடு வந்து நின்றார். ஐயர் சூடம் ஏற்றினார். "சரி சரி, விட்டேன்" என்றார் பாஸ். "முழுசா சொல்லுங்க பாஸ்" என்று அக்கா அவரை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லவைத்தாள். அவர் முன்னால் வெளியே போக, பின்னாலேயே நாங்கள் செருப்புப் போட வந்தோம். ஓடவிட்ட காரின் சாவி உள்ளே இருக்க, கதவு தானாகப் பூட்டிக்கொண்டு, பாஸ் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மூக்கில் விக்கல் வந்தது. என்னைப் பார்த்தாள். சிரிக்கலாம் என்று தலையாட்டினேன். வெடித்தது பாருங்கள், கோபுரத்திலிருந்த புறாவெல்லாம் பறந்தது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நான் ஒரு புது உருவம் செய்தேன். நீலச் சீருடை, கண்ணாடி, நாற்பது வயதுப் பெண். பெயர் லீலா. உருவம் முழுக்க அக்காவுக்கே சொந்தம் என்று வக்கீலம்மாவிடம் எழுதியும் வாங்கினேன். என் வீட்டு அறையில் மைக், கேமரா எல்லாம் பொருத்தி, ஒரு வியாழன் சாயங்காலம் உட்காரவைத்தேன். மிஞ்சிப் போனால் இருபது பேர் வந்திருப்பார்கள். அக்கா பேச ஆரம்பித்தாள். லைன் லீடர் டைனோசர் கதையைத் தொட்டதும் சிரிப்பு வந்தது, நீண்ட நாள் பட்டினி கிடந்த சிரிப்பு.

திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. இது பூந்தி மாதிரியே இருக்கே. காப்பி. ஆன்ட்டி, சொந்தமா ஏதாவது செய்யுங்க. அக்கா வழக்கப்படி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். எதற்கும் முகம் மாறவில்லை. அப்புறம் நீளமாக ஒன்று வந்தது. எழுதியவனை எங்களுக்குத் தெரியும். பூந்தியின் பழைய லட்டு, குளுவாங் பையன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா ஒவ்வொரு வியாழனும் அவனைத்தான் முதலில் விசாரிப்பாள்.

அக்கா படித்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மா போனப்ப பூந்திதான் என் கூட இருந்தா. அவ சிரிப்ப வேற ஒருத்தங்க எடுத்து சிரிச்சா எனக்கு தாங்கல. தயவுசெஞ்சு அப்படி சிரிக்காதீங்க."

அவன் அம்மா போய்விட்டது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அக்கா நிறுவனத்தை விட்ட பிறகு நடந்திருக்கிறது. அந்த வியாழக்கிழமை அவனைத் தேற்றியது காஹாங் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். அக்கா மைக் பக்கம் குனிந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாதே, சொல்லாதே என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

"சரிடா தம்பி" என்றாள். "இனிமே அப்படி சிரிக்கமாட்டேன்."

"அக்கா!" என்று நான் கத்தியது நேரலையிலேயே போய்விட்டது.

லீலா சில மாதம் ஓடினாள். அக்கா வேறு மாதிரி சிரித்தாள், உதட்டை மூடிக்கொண்டு, யார் வீட்டிலோ விருந்துக்குப் போன மாதிரி. யாரும் காப்பி என்று எழுதவில்லை, பார்க்கவும் அதிகம் பேர் வரவில்லை. அவள் பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். என் மகன் பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று சொன்னால் வருவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிற நேரத்தில் அவளைப் பார்க்க எனக்கு மனசு வராது, கேக் வெட்டப் போய்விடுவேன்.

அன்று நேரலை முடிந்து ஹெட்ஃபோனைக் கழற்றியதும் நான் அவளை விட்டுவைக்கவில்லை. வக்கீல், ஐயர், பாஸ் என்று எத்தனை பேர் காலைப் பிடித்து அந்தச் சிரிப்பை வாங்கினோம், முகம் தெரியாத ஒரு பையன் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவனுக்கு நானே எழுதுகிறேன், நீ திட்டுகிறவளைத்தான் நீ தேடிக்கொண்டிருக்கிறாய் என்று எழுதுகிறேன் என்று கைப்பேசியை எடுத்தேன். அக்கா எட்டி அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவன ஒண்ணும் சொல்லாதடி" என்றாள். "அவன் எனக்காகத்தானே என்கிட்ட சண்டை போடறான்."